மரம் ஏறுபவருக்குச் சான்றிதழ்: மதிப்பிட வருபவருக்கு விவசாயி செய்ய வேண்டிய உதவி

தாராபுரம் வட்டாரத்தில் தென்னை வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்குப் பொதுவான கவலை ஒன்று உண்டு. காய் போட ஆள் கிடைப்பதில்லை என்பதே அது. நாற்பத்தைந்து நாட்களுக்கு ஒரு முறை பறிக்க வேண்டிய காய், இரண்டு மூன்று மாதங்கள் மரத்திலேயே நிற்கிறது. கொண்டையைச் சுத்தம் செய்ய ஆளில்லாததால் காண்டாமிருக வண்டு பெருகுகிறது. தேடிப் பிடித்து ஆள் கொண்டு வந்தாலும், வந்தவர் தொழில் தெரிந்தவரா என்பது அவர் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகுதான் தெரிகிறது. பச்சை மட்டைகளை வெட்டிச் சாய்த்துவிட்டுப் போனால், அந்த நட்டத்தை மரம் பல மாதங்கள் சுமக்கும். தவறி விழுந்துவிட்டாலோ, ஏறியவர் வீடும் தோப்புக்காரர் வீடும் சேர்ந்தே துன்பப்படும்.

இந்தக் குறையைப் போக்கத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011ஆம் ஆண்டில் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்னும் பயிற்சியைத் தொடங்கியது. கருவியின் உதவியால் மரம் ஏறுவது, காயின் முதிர்ச்சி அறிந்து பறிப்பது, கொண்டையைச் சுத்தம் செய்வது, பூச்சி நோய்களைக் கண்டறிந்து மருந்து வைப்பது ஆகியவை ஆறு நாட்களில் கற்றுத் தரப்பட்டன. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் ஒரு விவசாயி உருவாக்கிய ஏறும் கருவி இந்தப் பயிற்சியால் எங்கும் பரவியது. ஆண்கள் மட்டுமன்றிப் பெண்களும் இதைக் கற்றுக்கொண்டு மரம் ஏறினர்.

பயிற்சி இருந்தால் அடுத்து சான்றிதழும் வருகிறது. அந்தச் சான்றிதழை நம்பித்தான் விவசாயி ஒருவரைத் தம் மரத்தில் ஏற்றுகிறார். ‘இவருக்குத் தொழில் தெரியும்’ என்று முடிவு செய்வது யார்? அவர் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்? அவர் சரியாக முடிவு செய்ய விவசாயி எவ்வாறு உதவலாம்? இவற்றை ஒவ்வொரு தோப்புக்காரரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மதிப்பீட்டாளர் யார்?

நம் நாட்டில் தொழில் திறன்களைப் படிப்படியாக வகைப்படுத்தும் ‘தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு’ 2013ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. வேளாண்மை சார்ந்த தொழில்களுக்காக இந்திய வேளாண் திறன் கவுன்சில் அமைந்ததும் அதே ஆண்டில்தான். டிராக்டர் ஓட்டுநர், நுண்ணீர்ப் பாசனப் பணியாளர், தோட்டப் பணியாளர், தரமான விதை உற்பத்தி செய்பவர் என ஒவ்வொரு தொழிலுக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எந்த அளவுக்குச் செய்யத் தெரிய வேண்டும் என்று தரநிலைகள் எழுதப்பட்டன. தொழிற்கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசியக் கவுன்சில் ஒன்று 2018ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

இந்தத் தரநிலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் வேலை செய்வதை நேரில் பார்த்து, கேள்வி கேட்டு, ‘தேர்ச்சி உண்டு, இல்லை’ என்று எழுதுபவரே மதிப்பீட்டாளர். பயிற்சி கொடுத்தவர் வேறு, மதிப்பிடுபவர் வேறு என்பது இம்முறையின் அடிப்படை விதி. தாம் கற்றுக் கொடுத்தவருக்குத் தாமே மதிப்பெண் போட்டால், அது மாட்டுத் தரகர் தம் மாட்டுக்குத் தாமே சுழி பார்ப்பது போலாகிவிடும்.

இதில் விவசாயத் தொழிலாளர்களுக்கு மிகவும் பயன்படுவது, முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறையாகும். 2015ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்தில் இதற்கு இடம் தரப்பட்டது. பள்ளிக்கூடம் போகாமல், தகப்பனாரிடமோ மாமனிடமோ தொழில் கற்று, இருபது ஆண்டுகளாக மரம் ஏறி வருபவரை மீண்டும் முதலிலிருந்து படிக்கச் சொல்வதில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் வேலை செய்யும் இடத்திலேயே பார்த்துச் சான்றளிக்கலாம். ஆகவே மதிப்பீட்டாளர் கல்லூரி மண்டபத்தை விட்டு நம் தோப்புக்கு வருகிறார்.

இரண்டு வகைத் தவறுகள்

மதிப்பீட்டாளர் செய்யக்கூடிய தவறு இரண்டு வகைப்படும்.

முதலாவது, தொழில் தெரியாதவருக்குத் தேர்ச்சி கொடுப்பது. அந்தச் சான்றிதழை நம்பி ஒரு விவசாயி அவரை அழைப்பார். பாதுகாப்புக் கச்சையை மாட்டத் தெரியாதவர் ஐம்பது அடி உயரத்தில் காய்ந்த மட்டையைப் பிடித்துத் தொங்குவார். என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, தொழில் தெரிந்தவரைத் தேர்ச்சி இல்லை என்று அனுப்பிவிடுவது. இது வெளியில் தெரியாமல் போய்விடுகிறது. நல்ல தொழிலாளி ஒருவர், ‘பாதுகாப்பு நடைமுறைகள் ஐந்து கூறுக’ என்ற கேள்விக்குப் பதில் எழுதத் தெரியாமல் தோற்றுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே தொழிலாளி மரத்தடிக்குப் போனால், யாரும் சொல்லாமலே கருவியின் கம்பிக் கயிற்றை இழுத்துப் பார்ப்பார்; அடிமரத்தைத் தட்டிப் பார்ப்பார்; கொண்டையில் குளவிக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்; பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று கவனிப்பார். ஐந்துக்கு நான்கை அவர் கையாலும் கண்ணாலும் சொல்லிவிட்டார். வாயால் சொல்லவில்லை என்பதற்காக அவரை ஒதுக்கினால், அவருக்கு நியாயமான கூலி கிடைக்காது. நமக்கும் ஓர் ஆள் குறைந்துபோவார்.

இரண்டு தவறுகளின் பலனும் கடைசியில் விழுவது தோப்பிலேதான். ஆகையால் மதிப்பீட்டாளருக்குத் துணை செய்வது விவசாயி தமக்குத் தாமே செய்துகொள்ளும் உதவியாகும்.

தோப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் பருத்தி கொண்டு போகும் விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். வியாபாரி மூட்டையிலிருந்து ஒரு பிடி பஞ்சை எடுத்து, இழுத்து, இழையின் நீளத்தையும் ஈரத்தையும் பார்த்த பிறகே விலை சொல்கிறார். ‘உங்கள் பஞ்சு எப்படி?’ என்று கேட்டு விலை போடுவதில்லை. தொழில் மதிப்பீடும் அவ்வாறே வேலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதாகும்.

மரம் ஏறுபவரின் வேலையில் மதிப்பீட்டாளர் மூன்று கட்டங்களைக் கவனிக்க வேண்டும்.

தரையில் இருக்கும்போது: கருவியின் கம்பிக் கயிறு, திருகு, மிதிகட்டை ஆகியவற்றைச் சரிபார்க்கிறாரா? மரத்தின் பருமனுக்கு ஏற்பக் கம்பி வளையத்தை அமைக்கிறாரா? அடிமரத்தில் துளையும், பழுப்பு நிறச் சாறு வடிதலும், மென்று துப்பியது போன்ற நாரும் இருக்கின்றனவா என்று பார்க்கிறாரா? இவை சிவப்புக் கூன்வண்டின் அறிகுறிகள். உள்ளே அரிக்கப்பட்ட மரத்தில் ஏற மறுப்பவரே தொழில் தெரிந்தவர். அப்படி மறுத்தவருக்கு மதிப்பெண்ணைக் குறைத்தல் ஆகாது.

கொண்டையில் இருக்கும்போது: கச்சையைக் கட்டிய பிறகே அரிவாளை எடுக்கிறாரா? எந்தக் குலை முற்றியது, எது அடுத்த பறிப்புக்கு உரியது என்று பிரித்தறிகிறாரா? தேங்காய் முழுமையாக முற்ற ஏறத்தாழ 12 மாதங்கள் ஆகும். இளநீருக்கு 7 அல்லது 8 மாதக் காய் ஏற்றது. பாளைக்கும் குரும்பைக்கும் சேதம் வராமல் காய்ந்த மட்டை, பன்னாடை ஆகியவற்றை நீக்குகிறாரா? பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமென்றால் அடியிலிருந்து நான்கு அடி விட்டு வெட்டுகிறாரா? மரத்தை ஒட்டி வெட்டினால் அந்தக் காயத்தின் வாடைக்குக் கூன்வண்டு வந்து முட்டையிடும்.

இறங்கிய பிறகு: பார்த்ததைச் சொல்லத் தெரிகிறதா? இதற்குத் தனி முக்கியத்துவம் தர வேண்டும். அந்த உயரத்தில் தோப்புக்காரரின் கண்ணாக இருப்பவர் மரம் ஏறுபவர்தான். விரிந்த ஓலையில் விசிறி போல முக்கோண வெட்டுகள் இருந்தால் காண்டாமிருக வண்டு தாக்கியிருக்கிறது. ஓலையின் அடிப்பக்கம் வெள்ளைச் சுருள்களும், கீழ் ஓலைகளின் மேல் கரும்பூசணமும் இருந்தால், 2016ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயின் தாக்குதல் அது. வண்டுக்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை அடுத்த மூன்று மட்டை இடுக்குகளில் வைக்க வேண்டும். இதை இடம் தவறாமல் வைக்கத் தெரிந்தவர் தோப்பைக் காப்பாற்றுவார்.

மேலே சொன்னவற்றுள் பெரும்பாலானவற்றைக் காகிதத்தில் சோதிக்க இயலாது. மரம் வேண்டும், குலை வேண்டும், நேரமும் வேண்டும்.

மதிப்பீட்டாளரின் சிரமங்கள்

மதிப்பீட்டாளர் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருபவர். காலையில் பேருந்து பிடித்து வந்து, மாலைக்குள் ஒரு குழு முழுவதையும் பார்த்து முடிக்க வேண்டியிருக்கும். ஒரு குழுவில் 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் இடைவிடாமல் வேலை செய்தாலும் ஒருவருக்கு 16 நிமிடங்களே கிடைக்கும். கருவியைப் பொருத்தி, ஏறி, ஒரு குலை வெட்டி, இறங்கி, இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல அந்த நேரம் போதுமா? போதாது. அப்போது என்ன நடக்கிறது? முதல் ஐந்து பேரை முழுமையாகப் பார்ப்பார். அடுத்தவர்களைப் பாதி மரம் வரை ஏறச் சொல்லி இறக்கிவிடுவார். கடைசியில் வருபவர்களிடம் கேள்வி மட்டும் கேட்டு எழுதிவிடுவார். தேர்ச்சி என்பது வரிசையில் எங்கே நின்றார் என்பதைப் பொறுத்ததாகிவிடும்.

மொழியும் ஒரு சிரமம். தரநிலைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ‘பன்னாடையை எடு’ என்றால் உடனே செய்பவருக்கு, அகராதித் தமிழில் மொழிபெயர்த்த கேள்வி புரியாமல் போகலாம். வட்டார வழக்கு தெரியாத மதிப்பீட்டாளருக்குத் தொழிலாளியின் பதில் புரியாமல் போகலாம்.

மூன்றாவது, வற்புறுத்தல். ‘எல்லோருக்கும் போட்டுவிடுங்கள், ஏழைப் பிள்ளைகள்’ என்று ஊர்ப் பெரியவர் சொல்வார். தேர்ச்சி எண்ணிக்கை குறைந்தால் தமக்குக் குறை என்று பயிற்சி நிலையத்தார் நினைப்பார்கள். எல்லோரும் சூழ்ந்து நிற்கும்போது ஒருவருக்குத் ‘தேர்ச்சி இல்லை’ என்று எழுதுவது எளிதன்று.

நான்காவது, தனிமை. வேறு மதிப்பீட்டாளர் இதே வேலையை எப்படி மதிப்பிடுகிறார் என்று பார்க்கும் வாய்ப்பு அவருக்கு அரிதாகவே கிடைக்கிறது. அவருடைய அளவுகோல் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பது அவருக்கே தெரியாமல் போகிறது.

தராசுக்கு முத்திரை

கடைக்காரர் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் குறித்த காலத்தில் முத்திரை வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தராசு காலப்போக்கில் பிசகிவிடும் என்பதே காரணம். மதிப்பிடும் மனிதரின் கண்ணும் அதைப் போன்றதே. அதற்கும் அவ்வப்போது முத்திரை வேண்டும்.

பிரிட்டனில் தொழிலாளரை வேலை செய்யும் இடத்திலேயே மதிப்பிட்டுச் சான்றளிக்கும் முறையை வகுப்பதற்காக 1986ஆம் ஆண்டு தேசியக் கவுன்சில் ஒன்று அமைக்கப்பட்டது. அம்முறையில் மதிப்பீட்டாளரின் முடிவுகளை மறுபடி எடுத்துப் பார்க்கச் சரிபார்ப்பவர் என்று தனியாக ஒருவர் உண்டு. ஆஸ்திரேலியாவில் மதிப்பீட்டாளர்கள் தனித் தகுதி பெற்றவர்களாக இருக்க வேண்டும். தாங்கள் அளித்த முடிவுகளை ஒன்றாகக் கூடி ஒப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு. அங்கே ஒருவரைத் ‘தோல்வி’ என்று எழுதுவதில்லை. ‘இன்னும் தேர்ச்சி பெறவில்லை’ என்றே எழுதுகிறார்கள். குறையைக் கற்றுக்கொண்டு மீண்டும் வரலாம் என்பது அதன் பொருள். நமக்கு அருகிலுள்ள இலங்கையிலும் தேசியத் தொழில் தகைமை என்னும் ஏழு படிகள் கொண்ட முறை உள்ளது. அங்கும் அனுபவத்தால் கற்ற தொழிலை மதிப்பிட்டுச் சான்றளிக்க வழி இருக்கிறது.

நம் வட்டாரத்தில் இதை எளிய முறையில் செய்யலாம். மதிப்பீடு தொடங்கும் முன், இரண்டு மதிப்பீட்டாளர்கள் ஒரே தொழிலாளி மரம் ஏறுவதைத் தனித்தனியே பார்த்து, பேசிக்கொள்ளாமல் மதிப்பெண் போட வேண்டும். பிறகு இரண்டு தாள்களையும் ஒப்பிட வேண்டும். ஒருவர் ‘கச்சை கட்டியது சரி’ என்றும் மற்றவர் ‘தாமதமாகக் கட்டினார்’ என்றும் எழுதியிருந்தால், எது சரி என்று அங்கேயே பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். அரை மணி நேரம் செலவாகும். அன்றைய நாள் முழுவதும் தராசு நேராக நிற்கும்.

சொட்டு நீர்ப் பாசனத்தில் ஓர் எடுத்துக்காட்டு

மதிப்பீட்டாளரின் வேலையை எளிதாக்குவது நல்ல அளவுகோல். மரம் ஏறுவதில் பல விஷயங்களைக் கண்ணால்தான் முடிவு செய்ய வேண்டும். சொட்டு நீர்ப் பாசனப் பணியாளரை மதிப்பிடும்போதோ அளந்தே பார்த்துவிடலாம்.

மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான் பொருத்திய தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் மூன்று நிமிடங்களுக்கு 200 மில்லி லிட்டர் வர வேண்டும். பணியாளரிடம் அளவுக் குவளை ஒன்றையும் கடிகாரம் ஒன்றையும் கொடுத்து, குழாய்வரிசையின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் அளக்கச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் 200 மில்லியும் கடைசியில் 120 மில்லியும் வந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். தெரிந்தவர் வடிகட்டியைத் திறந்து பார்ப்பார், அழுத்தத்தைப் பார்ப்பார், கடைசி மூடியைக் கழற்றிக் குழாயில் தேங்கிய கசடை வெளியேற்றுவார், கிணற்று நீரில் உப்பு படியும் தன்மை இருந்தால் அமிலச் சிகிச்சை தேவை என்பார். தெரியாதவர் மோட்டாரை மாற்றச் சொல்வார்.

இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. மதிப்பீட்டாளர் எந்த ஊரிலிருந்து வந்தாலும் 200 மில்லி 200 மில்லிதான். இத்தகைய அளவுகளை ஒவ்வொரு தொழிலுக்கும் வகுத்துத் தருவது, பயிற்சி நிலையங்களும் அறிவியல் நிலையங்களும் மதிப்பீட்டாளருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவியாகும்.

விவசாயி செய்ய வேண்டியவை

மதிப்பீட்டுக்காகத் தம் தோப்பைக் கொடுக்க முன்வரும் விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பது அவசியம்.

1. ஒரே மாதிரியான மரங்களைக் காட்டாமல், குட்டை மரம், நடுத்தர மரம், உயர்ந்த மரம் என மூன்று வகையையும் ஒதுக்க வேண்டும். காய் பறிக்கும் தவணை வந்த மரங்களாக இருந்தால் உண்மையான வேலையையே பார்க்கலாம். விவசாயிக்கும் பறிப்பு முடிந்துவிடும்.

2. பட்டுப்போன மரம், பொந்து விழுந்த மரம், மின்கம்பிக்கு அருகில் உள்ள மரம் எவை என்று மதிப்பீட்டாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தோப்பின் குறையை மறைப்பதால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

3. காலத்தைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடி மாதங்களில் தாராபுரம், உடுமலைப் பகுதிகளில் பலமாக வீசும். ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? அந்த மாதங்களில் மதிப்பீட்டைத் தள்ளி வைப்பது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால், காற்று எழும் முன் அதிகாலையில் முடித்துவிட வேண்டும். மழை பெய்து அடிமரம் ஈரமாக இருக்கும் நாளிலும் ஏறச் செய்யக் கூடாது.

4. மரத்தடியில் குழந்தைகளையோ கால்நடைகளையோ விடலாகாது. வேடிக்கை பார்ப்பவர்கள் காய் விழும் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும். முதலுதவிப் பெட்டியும் ஒரு வண்டியும் தயாராக இருக்க வேண்டும். ஆபத்து என்று பட்டால், மதிப்பீட்டாளர் எந்த நேரத்திலும் ஏறுபவரை இறங்கச் சொல்லலாம். அப்போது யாரும் குறுக்கிடக் கூடாது.

5. ஏறுபவருக்குக் கீழிருந்து குரல் கொடுத்து வழி சொல்லக் கூடாது. ‘அந்தக் குலையை விட்டுடப்பா’ என்று தோப்புக்காரர் சொல்லிவிட்டால், அவருக்குத் தெரிந்ததா, இவர் சொல்லித் தெரிந்ததா என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியாமல் போய்விடும்.

6. வட்டாரச் சொற்களை மதிப்பீட்டாளருக்கு எடுத்துச் சொல்லலாம். கேள்வியை எழுதிக் கேட்பதற்குப் பதிலாகப் பேச்சிலே கேட்கவும், ‘செய்து காட்டுங்கள்’ என்று சொல்லவும் கேட்டுக்கொள்ளலாம்.

7. தொழிலாளியைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். எத்தனை ஆண்டுகளாக நம் தோப்புக்கு வருகிறார், எப்போதாவது விபத்து நேர்ந்ததா என்பவை மதிப்பீட்டாளருக்குப் பயன்படும் சான்றுகள். வேண்டியவர் என்பதற்காகக் கூட்டியும் வேண்டாதவர் என்பதற்காகக் குறைத்தும் சொல்லலாகாது.

8. குழு பெரிதாக இருந்தால் இரண்டு நாட்களாகப் பிரிக்கவோ, மதிப்பீட்டாளர் இருவரை அனுப்பவோ பயிற்சி நிலையத்தைக் கேட்க வேண்டும். தோப்பைக் கொடுப்பவர் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு.

தொழிலாளிக்கு ஒரு குறிப்பேடு

முன் அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்கு வருபவர்களுக்குப் பெரிய குறை, அந்த அனுபவத்துக்கு எழுத்தில் சான்று எதுவும் இல்லாததே. இதை ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தால் தீர்க்கலாம். தேதி, தோப்பு இருக்கும் ஊர், ஏறிய மரங்களின் எண்ணிக்கை, செய்த வேலை, மரத்தில் கண்ட பூச்சி நோய், தோப்புக்காரர் கையெழுத்து என ஆறு கட்டங்கள் போதும். எழுதத் தெரியாதவருக்கு அவர் வீட்டுப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். ஓராண்டுக் குறிப்பேட்டைப் பார்த்தாலே, இவர் தொடர்ந்து இந்த வேலை செய்பவரா, சான்றிதழுக்காக நேற்றுக் கற்றுக்கொண்டவரா என்பது மதிப்பீட்டாளருக்கு விளங்கிவிடும். தோப்புக்காரருக்கும் இதனால் பயன் உண்டு. எந்தத் தவணையில் எத்தனை காய் இறங்கியது, வண்டு எப்போது தென்பட்டது என்பவற்றுக்கு அது கணக்காக இருக்கும்.

சான்றிதழ் பெற்ற பிறகு

மதிப்பீட்டாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, அவர் முடிவு சரியா தவறா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அது தோப்புக்காரருக்கு மட்டுமே தெரியும். ஆகவே சான்றிதழ் பெற்றவரை வேலைக்கு வைத்த விவசாயிகள், ஆறு மாதம் கழித்து நான்கு வரி எழுதிப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வேலை திருப்தியா, கச்சை கட்டி ஏறுகிறாரா, பூச்சி நோய் கண்டால் சொல்கிறாரா, எதில் குறை இருக்கிறது என்று எழுதினால் போதும். அது மதிப்பீட்டாளரிடம் போய்ச் சேர்ந்தால், அடுத்த குழுவை அவர் இன்னும் கூர்மையாகப் பார்ப்பார்.

தேர்ச்சி பெறாதவரையும் கைவிடலாகாது. எந்தக் கட்டத்தில் குறை என்று எழுதி வாங்கி, அதை மட்டும் பயிற்சி செய்துவிட்டு மறுபடியும் வரச் சொல்ல வேண்டும். மரம் ஏறும் தொழிலாளர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா என்னும் விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. காப்பீட்டுத் தொகையும் செலுத்த வேண்டிய பங்கும் அவ்வப்போது மாறுவதால், வாரியத்தில் கேட்டறிந்து சேர்த்துவிடுவது தோப்புக்காரரின் கடமையாகும்.

விவசாயிகளே மதிப்பீட்டாளர் ஆகலாமா என்ற கேள்வியும் எழலாம். அதற்கு உரிய கல்வித் தகுதியும், அந்தத் தொழிலில் அனுபவமும், மதிப்பீட்டாளருக்கான பயிற்சியில் தேர்ச்சியும் வேண்டும். வேளாண்மை படித்துவிட்டு ஊரில் இருக்கும் இளைஞர்கள் இதில் ஈடுபட்டால், வட்டாரத் தொழிலும் வட்டார மொழியும் தெரிந்த மதிப்பீட்டாளர்கள் நமக்குக் கிடைப்பார்கள்.

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974ஆம் ஆண்டு புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டபோது, ‘செய்து கற்றல்’ என்பதே அந்நிலையங்களின் கொள்கையாக வகுக்கப்பட்டது. செய்து கற்ற தொழிலைச் செய்யச் சொல்லியே மதிப்பிட வேண்டும். அதற்கு வேண்டிய மரமும் தோப்பும் நேரமும் விவசாயிகளின் கையில் இருக்கின்றன. அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகி, அடுத்த பயிற்சியும் மதிப்பீடும் எப்போது என்று கேட்டு, தோப்பு கொடுக்க முன்வரும் விவசாயிகள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்வது நல்லது. அடுத்த தவணையில் நம் மரத்தில் ஏறப்போகிறவர் பத்திரமாக இறங்கி வர அது உதவும்.